ஓடுகிற பஸ்ஸில் படுத்தால் அது ஓய்வு இல்லை

சாரதி பதில்கள்

டோர்ட்முண்டிலிருந்து எழுதுகிறேன். 11 வருடம் லொறி ஓடினேன். பிறகு 14 வருடம் இசைக்குழுக்களை ஏற்றி இறக்கும் படுக்கை பஸ், இங்கே நைட்லைனர் என்பார்களே, அது. இப்போது மற்றச் சாரதிகளுக்கு நேர அட்டவணை போடும் மேசையில் இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இசை நிகழ்ச்சிப் போக்குவரத்தைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணை, சென்னையிலிருந்து பாடகர்களைக் கூப்பிட்டு மூன்று நாள் நிகழ்ச்சி செய்கிறோம். வெள்ளி பாரிஸ், சனி லண்டன், ஞாயிறு சூரிச். 12 பேர் ஒரு படுக்கை பஸ்ஸில், சவுண்ட் சாமான் 12 தொன் லொறியில். பஸ் கொம்பனி இரண்டு சாரதி வேண்டும் என்று நிற்கிறது. ஒருவர் போதாதா? இரண்டு பேர் என்றால், ஒருவர் ஓட மற்றவர் படுக்கலாம். மூன்று நாளும் நிற்காமலே ஓடலாம்தானே?
— ஏற்பாட்டாளர் ஒருவர், ஹரோ

பதில்: தம்பி, மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முதல் இந்தக் கடிதத்தை எழுதினீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி. போஸ்டர் அடித்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் எனக்குப் போன் எடுப்பார்கள்.

சாரதியின் ஒரு நாள் எப்படி என்று முதலில் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006ஆம் இலக்க விதி 2007 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் அடிப்படைக் கணக்கு அதுதான். சுவிஸிலும் அதே கணக்கு. ஒரு நாளில் 9 மணித்தியாலம் ஓடலாம். கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிட இடைவேளை. வேலை தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணி 24 மணித்தியாலத்துக்குள், இடையில் முறியாத 11 மணித்தியால ஓய்வு எடுத்து முடித்திருக்க வேண்டும். இரண்டு வாராந்த ஓய்வுகளுக்கு நடுவில் மூன்று தடவை மட்டும் அதை 9ஆகக் குறைக்கலாம். ஒரு கிழமைக்கு 56, அடுத்தடுத்த இரண்டு கிழமைக்குச் சேர்த்து 90 மணித்தியாலம். ஸ்டியரிங் பிடிப்பதற்கு அதுதான் எல்லை.

இனி உங்கள் சனி இரவுக்கு வருவோம். லண்டன் ஹரோவில் நிகழ்ச்சி 11.30க்கு முடிந்தால், செல்ஃபி எடுத்து, கொத்துரொட்டி சாப்பிட்டு, எல்லோரும் ஏறும்போது 1.30. கடலுக்கடியால் பிரான்ஸின் கலேக்குப் போகும் போக்ஸ்டன் சுரங்க ரயிலடிக்கு இரண்டு மணித்தியாலம். கலேயிலிருந்து சூரிச் ஏறத்தாழ 800 கிலோமீற்றர். பஸ்ஸுக்கு சராசரி 80 என்று வைத்தால் பத்து மணித்தியாலம். ஆக 12 மணித்தியால ஓட்டம். ஒரு சாரதிக்கு எந்த நாளிலும் இதற்கு அனுமதி இல்லை. இரண்டு சாரதி போட்டால் சட்டம் இடம் கொடுக்கும். ஆனால் சுரங்கம், எல்லைச் சோதனை, நடுவில் நிற்கிற நேரம், ஒரு மணித்தியால நேர வித்தியாசம் எல்லாவற்றையும் கூட்டினால் நீங்கள் சூரிச் போய்ச் சேர மாலை ஐந்தரை ஆகும். அங்கே ஆறு மணி நிகழ்ச்சிக்குச் சனம் வாசலில் நிற்கும். பாடகிக்குக் குரலைச் சரிபார்க்கக்கூட நேரம் இருக்காது.

இரண்டு பேர் இருந்தால் நிற்காமல் ஓடலாமா என்று கேட்டீர்கள். முடியாது. இரண்டு சாரதி ஓடும்போது 24க்குப் பதிலாக 30 மணித்தியாலம் கணக்கு. அந்த 30க்குள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 9 மணித்தியால ஓய்வு வர வேண்டும். அந்த ஓய்வின்போது பஸ் நிற்க வேண்டும். ஒருவர் ஓட மற்றவர் பின்னால் எட்டு மணித்தியாலம் படுத்திருந்தாலும் அது நாளாந்த ஓய்வில் சேராது. 45 நிமிட இடைவேளைக்கு மட்டும் செல்லும். சட்டம் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறது என்று எனக்கு உடம்பாலேயே தெரியும். ஓடுகிற பஸ்ஸில் சாரதி ஒருவன் படுத்தால் கண் மூடும், கால் மூடாது. மற்றவன் வளைவில் பிரேக் பிடிக்கப் பிந்தினால் என் வலது கால் போர்வைக்குள் தானாக அழுத்தும். விடிய எழும்பும்போது தொடை நோகும்.

என் யோசனை இது. நாள் ஒழுங்கை மாற்றுங்கள். வெள்ளி சூரிச், சனி பாரிஸ், ஞாயிறு லண்டன். சூரிச்சிலிருந்து இரவு 1.30க்கு வெளிக்கிட்டால் பாரிஸுக்கு 650 கிலோமீற்றர், எட்டேகால் மணித்தியால ஓட்டம், ஒரு இடைவேளை. காலை 10.30க்கு மண்டபம். சாரதி 10.45க்கு ஹோட்டல் அறைக்குப் போனால் இரவு 9.45க்கு அவருடைய 11 மணித்தியாலம் முடிந்துவிடும். அன்றிரவு பாரிஸிலிருந்து ஹரோவுக்கு ஆறு மணித்தியால ஓட்டம்தான். ஒரே சாரதி, ஒரே பஸ், ஒரு விதியும் முறியவில்லை. வெள்ளிக்கிழமை சூரிச் மண்டபம் கிடைப்பது கஷ்டம் என்பீர்கள். அப்படியென்றால் இரண்டாவது சாரதியின் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

லொறியை மறந்துவிடுங்கள். சுவிஸில் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட பாரவூர்தி இரவு 10 மணி முதல் விடிய 5 மணி வரை ஓடக் கூடாது, ஞாயிறு முழுநாளும் ஓடக் கூடாது. விசேட அனுமதி இல்லாவிட்டால் சனி இரவு 10க்குப் பிறகு எல்லையில் நிற்க வேண்டியதுதான், திங்கள் விடிய ஐந்துக்குத்தான் அசையலாம். பிரான்ஸில் 7.5 தொன்னுக்கு மேல் சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை தடை. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் கடைசி நேரத்தில் அதை நம்பி இறங்க வேண்டாம். பஸ்ஸுக்கு இந்தத் தடைகள் இல்லை. சவுண்டையும் லைட்டையும் அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுங்கள். மிருதங்கம், கீபோர்ட், கிற்றார் பஸ்ஸின் வயிற்றுக்குள் போகும்.

இன்னொன்று. விதியின் 10ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொள்ளும் பயண நேரங்கள் இந்தச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பொறுப்பை பஸ் கொம்பனியின் தலையில் மட்டும் வைக்கவில்லை. சுற்றுலா ஏற்பாட்டாளர், பிரதான ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ‘எட்டு மணிக்கு வந்தே ஆக வேண்டும்’ என்று நீங்கள் கையெழுத்து வைக்கும் தாளும் அதற்குள் வரும்.

கேள்வி: எனது கணவர் இசைக் கச்சேரிகளுக்கு லொறி ஓடுகிறார். ஓட்டம் முடிந்து வந்து, பெட்டிகளை இறக்கவும் அடுக்கவும் அவரையே விடுகிறார்கள். அந்த நேரத்தில் மெசினில் கட்டில் குறியை அமுக்கு என்று மேலாளர் சொல்கிறாராம். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கோப்பையோடு கதிரையிலேயே நித்திரையாகிவிடுகிறார். கேட்டால் ‘எல்லோரும் செய்கிறதுதான்’ என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
— வாசகி ஒருவர், லா கூர்நெவ்

பதில்: தங்கச்சி, நீங்கள் பயப்படுவது சரி. உங்கள் கணவரையும் பக்கத்தில் இருத்தி இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் டாக்கோ மெசினில் நாலு குறி இருக்கிறது. ஸ்டியரிங் வட்டம் என்றால் ஓட்டம். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் என்றால் வேறு வேலை. சதுரத்துக்குள் ஒரு சாய்ந்த கோடு என்றால் காத்திருப்பு. கட்டில் என்றால் ஓய்வு. வாகனம் நின்றதும் மெசின் தானாகவே சுத்தியலுக்குப் போய்விடும். அதை மாற்றிக் கட்டிலை அமுக்குவது மனிதக் கை. பெட்டி இறக்குவது, கட்டு அவிழ்ப்பது, ரயர் பார்ப்பது, டீசல் அடிப்பது, கடதாசி நிரப்புவது எல்லாம் சுத்தியல். வேலை நேரச் சட்டத்தில் கிழமைக்கு சராசரி 48 மணித்தியாலம், எந்தக் கிழமையிலும் 60க்கு மேல் போகக் கூடாது என்று இருப்பதே இந்தச் சுத்தியலையும் ஓட்டத்தையும் கூட்டித்தான். ஆகவே கட்டிலை அமுக்கிவிட்டு அம்ப்ளிஃபயர் தூக்கினால், உங்கள் கணவர் செய்த வேலைக்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. சம்பளமும் போகிறது. நாளைக்கு விபத்து என்று வந்தால் ‘அவருக்குப் போதிய ஓய்வு கொடுத்தோம், இதோ பதிவு’ என்று அதே கட்டிலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

இது எனக்கு நடந்திருக்கிறது. அப்போது சாரதி மெசினில் செருகும் டிஜிட்டல் அட்டை வரவில்லை, நேரம் பதிவது வட்டக் காகிதத் தட்டில்தான். நான் வேலை செய்த ஒரு கொம்பனியில் சாமான் ஏற்றும் ஆட்கள் இரண்டு பேரை மிச்சம் பிடிக்க, சாரதிகளை ஏற்றவிட்டார்கள். ஹம்பேர்க்கில் இரவு ஒன்றரை மணி வரை பெட்டி ஏற்றினேன். தட்டில் அது கட்டில். பிறகு தெற்கே வெளிக்கிட்டேன், பின்னால் படுக்கைகளில் 14 பேர். காசல் மலைப் பகுதியில், ஏ7 நெடுஞ்சாலையில், நாலு மணி பத்து நிமிடம். நான் நித்திரை கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், அப்படி எனக்குத் தெரியவே இல்லை. நீலப் பலகை ஒன்று தூரத்தில் நின்றது, அடுத்த கணம் அது இல்லை. ஓரக் கோட்டு மேடுகளில் வலது ரயர் ஏறிய சத்தம்தான் என்னை எழுப்பியது. 100 கிலோமீற்றர் வேகத்தில் பஸ் ஒரு செக்கனில் 28 மீற்றர் போகும். நாலு செக்கன் என்றால் ஒரு உதைபந்தாட்டத் திடலின் நீளம். அந்த நீளத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இருக்கவில்லை.

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினேன். கை ஸ்டியரிங்கை விடவில்லை, ஒவ்வொரு விரலாக எடுத்தேன். மேலேயிருந்து ஒரு பெடியன் காலுறையோடு படியிறங்கி வந்து, குளிர்பெட்டியில் தண்ணீர் எடுத்துக் குடித்து, ‘எங்கே நிற்கிறோம்?’ என்று கேட்டான். ‘காசல்’ என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு ஒரு நிமிடம்கூடக் குறி மாற்றி அமுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த வேலையையும் விட்டேன்.

உங்கள் கணவர் ஒரு சின்னக் கொப்பி வாங்கி, எத்தனை மணிக்கு எந்த மண்டபத்தில் என்ன ஏற்றினார் என்று அன்றன்றே எழுதட்டும். மேலாளர் சொன்னதை எழுத்தில் கேட்கட்டும்: ‘சாமான் ஏற்றும் நேரத்துக்கு எந்தக் குறி போடுவது?’ என்று ஒரு குறுஞ்செய்தி. பெரும்பாலும் பதில் வராது. அந்த மௌனமும் பின்னால் உதவும். தொழிற்சங்கத்தையும், தொழிற் பரிசோதனை அலுவலகத்தையும் கேட்கலாம். கிலோமீற்றர் கணக்கில், ஏற்றிய அளவுக் கணக்கில் காசு கூட்டித் தந்து வேகமாக ஓட வைக்கிறார்களா என்றும் பாருங்கள். வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தான அப்படியான கொடுப்பனவுகளையும் அதே 10ஆவது பிரிவு தடுக்கிறது.

அட்டையை உருவி எடுத்துவிட்டு ஓடச் சொன்னால் கண்டிப்பாக மறுக்க வேண்டும். அட்டை இல்லாமல் சில்லு சுற்றியதை மெசின் தனியாக எழுதி ஒரு வருடம் வரை வைத்திருக்கும். 2024 டிசம்பர் 31இலிருந்து வீதிச் சோதனையில் முந்திய 56 நாள் பதிவைக் கேட்கிறார்கள். முன்பு அது 28 நாள்.

கேள்வி: பஸ் சாரதி தொடர்ந்து 12 நாள் ஓடலாம் என்று ஒருவர் சொல்கிறார், ஆறு நாள்தான் என்று இன்னொருவர். எது சரி?
— வாசகர், ஸ்ருட்கார்ட்

பதில்: பொதுவான விதி ஆறு நாள். ஆறு 24 மணித்தியாலம் முடிய முன் வாராந்த ஓய்வு தொடங்க வேண்டும். ஒரே குழுவை ஏற்றிச் செல்லும் விசேட பஸ் பயணத்துக்கு மட்டும் அதைப் 12 நாள் வரை தள்ளலாம். முதலில் இது நாடு கடக்கும் பயணத்துக்கு மட்டும் இருந்தது. 2024 மே மாதம் முதல் ஒன்றியத்துக்குள் உள்நாட்டுப் பயணத்துக்கும் உண்டு. லொறிக்கு இல்லை.

சலுகைக்கு விலை இருக்கிறது. 12 நாள் முடிந்ததும் 45 மணித்தியால ஓய்வு இரண்டை, அல்லது ஒரு 45ஐயும் ஒரு 24ஐயும் சேர்த்து எடுக்க வேண்டும். இரவு 10க்கும் காலை 6க்கும் இடையில் ஒற்றைச் சாரதி என்றால் நாலரை மணித்தியாலத்துக்குப் பதிலாக மூன்று மணித்தியாலத்திலேயே இடைவேளை. இரவில் மட்டும் ஓடும் படுக்கை பஸ்ஸுக்கு இந்த மூன்று மணித்தியாலம் பெரிய விஷயம், அட்டவணை போடுகிறவர்கள் மறப்பதும் இதைத்தான். 45 மணித்தியால ஓய்வை வாகனத்துக்குள் எடுக்கவும் முடியாது. அறை, கட்டில், குளிக்கும் வசதி வேண்டும்.

கேள்வி: நான் கீபோர்ட் வாசிப்பவன். முதல் தடவையாகப் படுக்கை பஸ்ஸில் பத்து நாள் போகப் போகிறேன். தலையை முன்பக்கம் வைத்துப் படுப்பதா, பின்பக்கமா? அம்மா கேட்கிறா.
— வாசகர், ஒஸ்லோ

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள், கால் முன்பக்கம், தலை பின்பக்கம். பஸ் சடுதியாக நின்றால் உடம்பு முன்னால் போகும். அந்த அடியைக் கால் வாங்கட்டும், கழுத்து வாங்கக் கூடாது. எந்தப் படுக்கை பஸ்ஸிலும் பழைய ஆட்கள் முதலில் சொல்லித் தருவது இதுதான்.

1986 செப்டெம்பர் 27 அதிகாலை, மெட்டாலிக்கா குழு ஸ்டொக்ஹோமிலிருந்து கோப்பன்ஹேகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவீடனில் டோராப் என்ற ஊருக்குப் பக்கத்தில் பஸ் வீதியை விட்டு விலகிப் புரண்டது. படுக்கையில் கிடந்த பாஸ் கிற்றார் கலைஞர் கிளிஃப் பேர்ட்டன் ஜன்னலால் எறியப்பட்டு, பஸ்ஸின் கீழ் அகப்பட்டு இறந்தார். வயது 24. அந்தப் படுக்கை யாருக்கு என்று அன்றிரவு விளையாட்டுக் கடதாசி இழுத்துத்தான் தீர்மானித்திருக்கிறார்கள். நான் ஏற்றிய குழுக்களில் அந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தும், ஓடுகிற பஸ்ஸின் மேல்தட்டுப் படியில் பியர் போத்தலோடு நின்று கதைப்பவர்கள் நிறைய.

இருக்கையில் இருந்தால் பட்டி போடுங்கள். படுக்கைக்குப் பட்டியோ தடுப்புப் பலகையோ இருந்தால் அதைப் பாவியுங்கள். நீண்ட சோபாவில் குறுக்காக விழுந்து நித்திரை கொள்ள வேண்டாம். தலைமாட்டில் லப்டொப், இரும்புப் போத்தல் வைக்க வேண்டாம். முதல் நாளே கூரைக் கதவும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் எங்கே என்று கையால் தொட்டுப் பாருங்கள், இருட்டில் கை அதைத் தேடிப் போகும்.

கேள்வி: எங்கள் ஊர் மண்டபத்தில் நான் தொண்டர். போன மாதம் நிகழ்ச்சியன்று பகல் பஸ்ஸை ஐந்து மீற்றர் தள்ளி விடச் சொல்லிச் சாரதியை எழுப்பினேன். அவர் கோபப்பட்டு, மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நிமிட வேலைக்கு இவ்வளவு கோபமா?
— வாசகர், ஹம்

பதில்: அந்த இரண்டு நிமிடம் அவருடைய 11 மணித்தியாலத்தை முறிக்கும். காலை 8 மணிக்குப் படுத்தவரை நீங்கள் பகல் 2 மணிக்கு எழுப்பி, அவர் பஸ்ஸை நகர்த்தினால், மெசின் அந்த ஓட்டத்தைப் பதியும். முறியாத ஓய்வு அங்கேயே நின்றுவிடும். 2 மணியிலிருந்து திரும்ப 11 எண்ணினால் விடிய ஒரு மணி, அதற்கிடையில் அவருடைய 24 மணித்தியாலமும் முடிந்துவிடலாம். அப்படி முடிந்தால் அன்றிரவு பஸ் சட்டப்படி நேரத்துக்கு வெளிக்கிட முடியாமல் போகலாம். நீங்கள் கேட்டது ஐந்து மீற்றர். அவர் மாட்டேன் என்றது ஒரு முழுக் குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்காக.

அவர் ஏன் ஹோட்டலில் படுக்காமல் பஸ்ஸில் படுத்தார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நிற்கிற பஸ்ஸில் நல்ல படுக்கை இருந்தால் நாளாந்த ஓய்வை அங்கே எடுக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் பகலில், சவுண்ட் செக் நடக்கும் மண்டபத்தின் பின்சுவரோடு யாரால் நித்திரை கொள்ள முடியும்? தவில்காரர் தோல் இறுக்கிப் பார்ப்பார், பிள்ளைகள் பந்தடிப்பார்கள், ஒருவர் கதவைத் தட்டி ‘சோறு வந்திட்டுது அண்ணை’ என்பார். அன்போடுதான் தட்டுவார். நான் ஒருமுறை அப்படி நாலு தடவை எழும்பினேன், நாலும் சாப்பாட்டுக்காக.

அடுத்த தடவை மண்டபத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, திரைச்சீலை கனமான, லிஃப்டுக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு ஹோட்டல் அறை எடுங்கள். பாடகர்களின் அறைக்கு முதல் அதை எடுங்கள். பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று வந்த உடனேயே முடிவு செய்து, சுற்றிவரக் கூம்பு வையுங்கள். மின்சார இணைப்பு அந்த இடத்துக்கு எட்டுமா என்றும் பார்த்து வையுங்கள். சோற்றை மூடி வைத்தால் ஏழு மணிக்கு எழும்பிச் சாப்பிடுவார்.

கேள்வி: எங்களிடம் 3.5 தொன் வான் ஒன்று இருக்கிறது. சின்னச் சவுண்ட் சேவை. டாக்கோ மெசின் தேவையா?
— வாசகர், ரொட்டர்டாம்

பதில்: 2026 ஜூலை 1 முதல், 2.5 தொன்னுக்கு மேற்பட்ட வானில் கூலிக்குச் சாமான் ஏற்றி நாட்டு எல்லை கடந்தால் தேவை. ஓட்ட நேரமும் ஓய்வு நேரமும் லொறிக்குப் போலவே. உள்ளூருக்குள் மட்டும் ஓடினால் இந்த மாற்றம் உங்களைத் தொடாது. உங்கள் சொந்தத் தொழிலுக்கு உங்கள் சாமானையே கொண்டுபோகிறீர்கள், ஓட்டுகிறவரின் பிரதான வேலை வாகனம் ஓட்டுவது இல்லை என்றால் விலக்கு உண்டு. சவுண்ட் சேவைக்காரர் பலர் இந்த விலக்குக்குள் வரலாம். பதிவுப் பத்திரத்தில் உள்ள அதிகபட்ச நிறை, ட்ரெய்லர் பூட்டினால் மொத்தம் எவ்வளவு, இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சட்டம் விட்டாலும் உடம்பு விடாது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். நிகழ்ச்சி முடிந்து, வயர் சுருட்டி, மூன்று மணிக்கு அன்ட்வேர்ப்பிலிருந்து வீடு திரும்பும் பெடியனைத்தான் நான் அதிகம் நினைத்துக் கவலைப்படுவது. அவனுக்கு மெசினும் இல்லை, அட்டவணை போட ஆளும் இல்லை.

கேள்வி: மகனுக்கு 22 வயது. பாட்டுக் குழுக்களோடு ஊர் சுற்றும் பஸ் சாரதியாக வேண்டும் என்கிறான். விடலாமா?
— தகப்பன் ஒருவர், வூப்பெர்ட்டால்

பதில்: விடுங்கள். பஸ் அனுமதிப்பத்திரத்தோடு தொழில்முறைத் தகுதிக்கான 95 என்ற இலக்கமும் வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சியால் அதைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று வருடம் பகல் பஸ் ஓடட்டும். என் அப்பா கோண்டாவில் டிப்போவில் சாரதியாக இருந்தவர். இரவு ஓட்டம் இருக்கும் நாளில் பின்னேரம் வீட்டில் ரேடியோ போடவிட மாட்டா அம்மா. நாங்கள் சத்தமில்லாமல் முற்றத்தில் விளையாடுவோம். மகன் பகலில் வந்து படுக்கும்போது வீடு அப்படி இருந்தால் அவன் இந்தத் தொழிலில் நிலைப்பான்.

கேள்வி: அட்டையில் இன்னும் இரண்டு மணித்தியால ஓட்டம் மிச்சம் இருக்கிறது, ஆனால் விடிய நாலு மணிக்குக் கண் சொருகுகிறது. பின்னால் குழு, முன்னால் நேரம். நான் என்ன செய்ய?
— சாரதி ஒருவர், பேர்ண்

பதில்: நில்லுங்கள். அட்டை சொல்வது அதற்கு மேல் ஓடாதே என்ற எல்லையை. அதுவரை ஓடியே தீர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. 1997இல் நேச்சர் இதழில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள்: 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் செயற்பாடு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல இருந்ததாம். ஜேர்மனியில் பொதுவான சாரதிக்கு எல்லையே அதுதான். பகல் ஹோட்டலில் சரியாக நித்திரை வராத நாளில், விடிய நாலு மணிக்கு நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

கண்ணாடியை இறக்குவது, பாட்டைக் கூட்டுவது, கன்னத்தில் அடிப்பது எல்லாம் நானும் செய்தவைதான். ஐந்து நிமிடம்கூட நிலைக்காது. அடையாளங்கள் இவை: கடைசியாகக் கடந்த பலகையில் என்ன ஊர் என்று ஞாபகம் இல்லை, கோட்டை அடிக்கடி திருத்துகிறீர்கள், கழுத்தின் பின்பக்கம் குளிர்கிறது. மூன்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தரிப்பிடம்.

வெளிச்சம் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கைப்பிரேக், கட்டில் குறி. பிளாஸ்கில் உள்ள கோப்பியை ஒரே மூச்சில் குடியுங்கள், அது வேலை செய்ய இருபது நிமிடமாவது எடுக்கும், அந்த நேரத்துக்குள் படுத்து எழும்பலாம். கைபேசியில் 20 நிமிட மணி வையுங்கள். எழும்பி, இறங்கி, பஸ்ஸை ஒருமுறை சுற்றி நடந்து, ரயரைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் தெளியாவிட்டால் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். கொம்பனிக்கு அடித்து வேறு சாரதி கேளுங்கள், வராவிட்டால் உங்கள் ஓய்வு முடியும் வரை பஸ் நிற்கட்டும்.

குழுப் பொறுப்பாளருக்கு நிறுத்திய உடனேயே ஒரு வரி அனுப்புங்கள்: ‘களைப்பு, நிற்கிறேன், பிந்தும்.’ மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், காரணம் விளக்கியும் எழுத வேண்டாம். அனுப்பிவிட்டு, மணி அடிக்கும் வரை கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள்.